சுகோத்தாய்: எத்தனை நாள், எங்கே தங்குவது, எதை எந்த நேரத்தில் பார்ப்பது

கேள்வி இதுதான்: பாங்காக்கிலிருந்து சியாங் மாய் போகும் வழியில், தாய்லாந்தின் பழைய தலைநகர இடிபாடுகள் இருக்கும் சுகோத்தாய் மாகாணத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா? கூட வரும் அப்பா, அம்மா இருவருக்கும் 65 வயதுக்கு மேல்; அம்மா சுத்த சைவம்.

போதாது. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் சுகோத்தாயை விட்டுவிட்டு அயுத்தயாவைப் பாருங்கள். அதுவும் பழைய தலைநகரம்தான், பாங்காக்கிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய ஊர். சுகோத்தாய் பாங்காக்கிலிருந்து சுமார் 430 கி.மீ., சியாங் மாயிலிருந்து சுமார் 300 கி.மீ. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அரை நாள் பயணத்திலேயே போய்விடும். மிச்ச அரை நாள் உச்சி வெயிலில் மாட்டும். சுகோத்தாய்க்கு இரண்டு இரவு, வடக்கே இருக்கும் ஸ்ரீ சட்சனாலையையும் சேர்த்தால் மூன்று இரவு. பெரியவர்கள் கூட வருவதால் மூன்று இரவையே சொல்வேன்.

முதலில் ஊர்ப் பெயரில் வரும் குழப்பம். சுகோத்தாய் என்று இரண்டு இடங்கள் உண்டு. மாகாணத் தலைநகரான புது சுகோத்தாய் யோம் ஆற்றங்கரையில் இருக்கிறது. பேருந்து நிலையம், சந்தை, பெரிய கடைகள் எல்லாம் அங்கேதான். நீங்கள் பார்க்க வரும் இடிபாடுகளோ அங்கிருந்து மேற்கே 12 கி.மீ. தள்ளி, 'முவாங் காவ்' என்று அழைக்கப்படும் பழைய நகரத்தில் உள்ளன. விடுதி பதிவு செய்யும்போது வரைபடத்தைப் பார்க்காமல் 'சுகோத்தாய் நகர மையம்' என்று போட்டதை நம்பினால், தினமும் 24 கி.மீ. போக்குவரத்து உங்கள் தலையில். பழைய நகரத்திலேயே, இடிபாடுகள் இருக்கும் வரலாற்றுப் பூங்காவின் கிழக்கு வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். புது ஊரில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வகை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் காலை 6.30 மணிக்குப் பூங்கா வாசலில் நிற்க முடிவதற்கு அது ஈடாகாது.

இரண்டு ஊர்களுக்கும் இடையே சோங்தேவ் ஓடுகிறது. பின்னால் இரண்டு நீள பெஞ்சு போட்ட லாரி மாதிரியான வண்டி. ஆளுக்குச் சுமார் 30 பாட். சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு மேல் அதை நம்ப வேண்டாம். கடைசி வண்டியைத் தவறவிட்டால் துக்துக்காரர் சொல்வதுதான் விலை. செயலியில் டாக்சி கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற பாங்காக் பழக்கம் இங்கே செல்லாது.

வந்து சேர நான்கு வழி. விமானம் என்றால் சுகோத்தாய்க்கே ஒரு சிறிய நிலையம் உண்டு. அது பாங்காக் ஏர்வேஸுக்குச் சொந்தமானது, சேவையும் அவர்களுடையதே. கட்டணம் கொஞ்சம் கூடுதல். அந்த நிலையம் வடக்கே சவன்கலோக் பக்கம் இருப்பதால் ஸ்ரீ சட்சனாலைக்குப் போகும் நாளோடு சேர்த்துத் திட்டமிட்டால் வண்டிச் செலவு மிச்சம். மலிவு விமானங்கள் பாங்காக் டான் முவாங்கிலிருந்து பிட்சனுலோக் வருகின்றன. அங்கிருந்து சாலையில் சுமார் 60 கி.மீ. ரயிலுக்கும் பிட்சனுலோக்தான் நிலையம். பாங்காக்கிலிருந்து வண்டியைப் பொறுத்து 5 முதல் 7 மணி நேரம் ஆகும். பிட்சனுலோக்கில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை, நடுவே துக்துக் பிடிக்க வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் பேருந்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நேர்ப் பேருந்து பாங்காக் மோ சிட் நிலையத்திலிருந்து சுமார் 7 மணி நேரம். சியாங் மாய் ஆர்கேட் நிலையத்திலிருந்து 5 முதல் 6 மணி நேரம். சியாங் மாயிலிருந்து தாக் வழியாக வரும் பேருந்து பழைய நகரத்தைத் தொட்டுக்கொண்டுதான் புது ஊருக்குப் போகும். ஏறும்போதே நடத்துநரிடம் 'முவாங் காவ்' என்று சொல்லிவைத்தால் அங்கேயே இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் 12 கி.மீ. தாண்டிப் போய், காசு கொடுத்துத் திரும்பி வர வேண்டியதுதான்.

ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று பயப்பட வேண்டாம், எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள்தான். சுகோத்தாய் என்றால் சுகோதயம். பிட்சனுலோக் விஷ்ணுலோகம். சவன்கலோக் சுவர்க்கலோகம். ஸ்ரீ சட்சனாலை என்பது ஸ்ரீ சஜ்ஜனாலயம். கோயில் பெயரில் வரும் மகாதாட் மகாதாது. காட்டுத் துறவிகள் இருந்த மேற்குப் பகுதியின் பெயர் அரன்யிக், அதாவது ஆரண்யகம். வாட் என்றால் கோயில். இதைத் தெரிந்துகொண்டால் வழிகாட்டிப் பலகை பாதி புரிந்துவிடும்.

வரலாறு சுருக்கமாக. இந்த ஊர் முதலில் கெமர் (கம்போடிய) ஆட்சியின் எல்லைப்புற நிலை. 1238 வாக்கில் இரண்டு தாய் தலைவர்கள் சேர்ந்து கெமர் அதிகாரியை விரட்டினார்கள். அவர்களில் ஒருவர் ஸ்ரீ இந்திராதித்யன் என்ற பெயரில் அரசரானார். அவருடைய மகன் ராம்கம்ஹெங் 1279 முதல் 1298 வரை ஆண்டவர். 1292 ஆண்டிட்ட கல்வெட்டு அவர் பெயரில் உள்ளது. 1833இல் மோங்குட் இளவரசர் கண்டெடுத்த கல் அது; மூலம் இப்போது பாங்காக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இங்கே இருப்பது நகல். 'நீரில் மீன் உண்டு, வயலில் நெல் உண்டு' என்ற வரி தாய்லாந்தில் பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். அரண்மனை வாசலில் மணி தொங்கியது, குறை உள்ளவர் வந்து அடிக்கலாம், அரசரே வெளியே வந்து கேட்பார் என்றும் அதில் இருக்கிறது. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி நினைவுக்கு வராமல் போகாது. இந்தக் கல்வெட்டு முழுவதும் அந்தக் காலத்ததுதானா என்ற சண்டை அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை. எழுத்தைப் பொறுத்தவரை நமக்கும் உறவு உண்டு: தாய் எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது, கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்தது. 1438இல் அயுத்தயா இந்த அரசை விழுங்கியது. 1991இல் சுகோத்தாய், ஸ்ரீ சட்சனாலை, கம்பெங் பெட் மூன்றையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

பூங்காவுக்குள் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது கட்டுமானப் பொருள். தெரியாமல் போனால் நூறு தூணும் ஒரே தூண் மாதிரி இருக்கும், அரை மணியில் அலுத்துவிடும். சுவரும் தூணும் செம்புரைக்கல், கேரளத்துப் பழைய வீடுகளில் பார்க்கும் வெட்டுக்கல்லின் இனம். மண்ணிலிருந்து வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டு இறுகும். முகம் முழுக்கப் பொத்தல் என்பதால் இதில் நுண்ணிய சிற்பம் செதுக்க வராது. அதனால் கல்லை வட்ட வட்டமாக வெட்டி, ஆட்டுக்கல் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தூணாக்கி, மேலே சுதை பூசினார்கள். உருவங்கள் எல்லாம் அந்தச் சுதையில் செய்தவை. கூரை மரமும் ஓடும். அவை அழிந்து பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. வானத்தைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நிற்கும் தூண்கள் எல்லாம் ஒரு காலத்தில் கூரை போட்ட விகார மண்டபங்கள். ஏதாவது ஒரு தூணில் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சுதைத் துண்டைத் தேடிப் பாருங்கள். முழுக் கோயிலும் அந்த வெண்மையில் இருந்ததாக மனசில் நிரப்பிக்கொள்ள அது போதும்.

மற்றொன்று தண்ணீர். ஆற்றிலிருந்து 12 கி.மீ. தள்ளி ஏன் தலைநகரம்? மேற்கே மலை இருக்கிறது. அங்கே வழிந்தோடும் மழைநீரை இரண்டு குன்றுகளுக்கு நடுவே மண்கரை கட்டித் தடுத்து, வாய்க்காலில் கொண்டுவந்து, நகருக்குள் குளங்களில் நிரப்பினார்கள். பிரா ருவாங் அணை என்ற அந்தக் கரை 487 மீட்டர் நீளம்; பின்னாளில் உயர்த்திப் புதுப்பித்து இன்றும் இருக்கிறது. நகருக்குள் வெள்ளிக் குளம், தங்கக் குளம், கீரைக் குளம் என்று பெயர் வைத்த குளங்கள், அவற்றின் நடுவே தீவுகளில் கோயில்கள். ஏரியும் குளமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஊரின் தர்க்கம் சட்டென்று பிடிபடும்.

சுவருக்கு உட்பட்ட நகரம் கிழக்கு மேற்காக 2 கி.மீ.க்குச் சற்று உள்ளே, வடக்கு தெற்காக 1.6 கி.மீ.; சுற்றிலும் மூன்று மண்கரை, இரண்டு அகழி. பூங்கா மொத்தம் 70 சதுர கி.மீ.; அதில் 193 இடிபாடுகள். எல்லாவற்றையும் பார்க்கப் போவதில்லை, பார்க்கவும் கூடாது. நடு, வடக்கு, மேற்கு மூன்று பகுதிக்கும் தனித்தனிச் சீட்டு. வெளிநாட்டவருக்கு ஒவ்வொன்றும் நெடுநாளாக 100 பாட்டாக இருந்தது. கட்டணம் அவ்வப்போது ஏறுவதால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளுக்குத் தனியாக 10 பாட் மாதிரி. நடுப்பகுதி காலை 6.30க்குத் திறந்து மாலை 7.30 வரை, சனிக்கிழமை விளக்குப் போட்டு 9 மணி வரை. வடக்கும் மேற்கும் காலையில் தாமதமாகத் திறந்து மாலையில் சீக்கிரமே மூடிவிடும். 'சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வடக்குப் பகுதி' என்று திட்டம் போட்டுப் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தப்பு. தாழ்ந்த வெயிலுக்கு நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வாங்கிய சீட்டோடு அதே நாள் மாலை மறுபடி நுழையலாமா என்று சீட்டுக் கொடுக்குமிடத்தில் கேட்டுக்கொண்டு, சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

வெளிச்சத்துக்கு ஒரே விதி: பெரும்பாலான புத்தர்கள் கிழக்கு பார்த்தவர்கள். முகம் தெரிய வேண்டுமானால் காலை 7 முதல் 9 மணி. குளத்து நீரில் கோபுரம் கருநிழலாக விழும் படம் வேண்டுமானால் கிழக்கே நின்றுகொண்டு அந்தியில். பகல் 11 முதல் 3 வரை செம்புரைக்கல் அடுப்பு மாதிரி கொதிக்கும்; அந்த நேரத்தில் விடுதியில் தூங்குவதில் வெட்கமே இல்லை.

நடுப்பகுதியில் முதலில் வாட் மகாதாட். சுற்றிலும் சுமார் 200 சிறு சேதியங்கள் (தூபிகள்), நடுவே தாமரை மொட்டு முடிவைத்த பெரிய சேதியம். இந்தத் தாமரை மொட்டு சுகோத்தாய்க்கே உரிய முத்திரை. வேறு ஊரில் எங்கே கண்டாலும் சுகோத்தாயின் கை அங்கே பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதன் அடிப்பீடத்தைச் சுற்றிக் குனிந்து பாருங்கள்: கை கூப்பியபடி சீடர்கள் வரிசையாக வலம் போகும் சுதைப் பட்டை இருக்கும். மேலே பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் எல்லோரும் இதைத் தவறவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் மண்டபச் சுவருக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் உயரமான புத்தர்களுக்கு 'பிரா அட்டாரோட்' என்று பெயர். அட்டாரச என்றால் பாலியில் பதினெட்டு. பதினெட்டு முழ உயரம், அதாவது 9 மீட்டர்.

இந்தக் கோயிலின் மூலப் பெரிய வெண்கலப் புத்தர் இப்போது இங்கே இல்லை. பாங்காக்கை உருவாக்கிய முதலாம் ராமர் காலத்தில் அதை ஆற்று வழியே கொண்டுபோனார்கள். வாட் சுதாட் கோயிலில் இருக்கிறது. அந்தக் கோயில் வாசலில்தான் பெரிய ஊஞ்சல் நிற்கிறது. அரண்மனைப் பிராமணர்கள் திரியம்பாவை என்ற பெயரில் நடத்திய விழாவின் ஊஞ்சல் அது; பெயர் நம் திருவெம்பாவை. பாங்காக்கில் ஒரு மணி நேரம் கிடைத்தால் சுகோத்தாய்ப் பயணத்தை அங்கேயே தொடங்கலாம்.

அடுத்து வாட் சா சி. பெரிய குளத்தின் நடுத் தீவில் மணி கவிழ்த்தாற்போல் இலங்கைப் பாணிச் சேதியம். சுகோத்தாய் பௌத்தம் இலங்கையைக் குருவாகக் கொண்டது. 14ஆம் நூற்றாண்டில் லித்தாய் அரசர் அந்த மரபில் வந்த மூத்த துறவியை அழைத்து வரவேற்றதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இங்கே ஒரு 'நடக்கும் புத்தர்' இருக்கிறார். முழு உருவச் சிலையில் புத்தரை நடக்க வைத்தது சுகோத்தாய்ச் சிற்பிகளின் சாதனை. முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடாமல் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். ஒரு குதிகால் மண்ணை விட்டு எழுந்திருக்கும், உடல் எடை முன்காலுக்கு மாறிக்கொண்டிருக்கும், தொங்கும் கை யானைத் துதிக்கை மாதிரி எலும்பில்லாமல் இறங்கும். தலை உச்சியில் தீச்சுடர். நேராகப் பார்த்தால் இதில் பாதிதான் தெரியும்.

வாட் சி சவாய் தெற்கே ஒரு மூலையில். கெமர் பாணியில் மூன்று கோபுரங்கள். முதலில் இந்துக் கோயிலாக இருந்து பிறகு பௌத்தத்துக்கு மாறியது. 1907இல் இளவரசராக வந்து பார்த்த வஜிராவுத், பின்னாளைய ஆறாம் ராமர், இதை இந்துக் கோயில் என்றே முடிவு கட்டினார். சிவன், விஷ்ணு தேடி வருகிறவர்கள் இதே நடுப்பகுதியில் டா பா டேங் கோயிலையும் பார்க்கலாம். இங்குள்ள பழைய கட்டடங்களில் ஒன்று. அங்கே கிடைத்த தெய்வ உருவங்கள் வாசலுக்கு வெளியே உள்ள ராம்கம்ஹெங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அருங்காட்சியகம் மாலை 4 மணிக்கே மூடும். முதல் நாள் மதியம் வந்து இறங்கியதும் அதை முடித்துவிடுவது நல்லது, மறுநாள் இடிபாடுகள் புரியும்.

வடக்குப் பகுதிக்கு வாட் சி சும் ஒன்றே போதும், மற்றவை கிடைத்தால் லாபம். கூரையில்லாத சதுர மண்டபம், சுவரில் மேலே போகப் போக ஒடுங்கும் நீண்ட பிளவு. அந்தப் பிளவு வழியாக ஒரு முகம் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே போனால் 15 மீட்டர் உயரம், மடியின் அகலம் 11 மீட்டர் கொண்ட பிரா அசன, 'அஞ்சாதவர்'. பக்தர்கள் தங்கத் தகடு ஒட்டி ஒட்டி வலக்கை விரல்கள் மட்டும் பொன்னாகிவிட்டன. சுவர் 3 மீட்டர் தடிமன். அதற்குள் மேலே ஏறும் ஒடுக்கமான படிவழி உண்டு, அதன் கூரைப் பலகைக் கற்களில் ஜாதகக் கதைகள் கீறப்பட்டவை. இப்போது அது பூட்டிக் கிடக்கிறது. சிலைக்குப் பின்னால் மறைந்து நின்று பேசி, புத்தரே பேசுவதாகப் படைவீரர்களுக்குத் தைரியம் ஊட்டினார்கள் என்று நரேசுவன் அரசர் காலத்துக் கதை ஒன்று உண்டு. அந்தப் படிவழிதான் கதைக்கு மூலம். இங்கே பேருந்துக் கூட்டம் காலை 10 மணிக்கு மேல் வரும், 9 மணிக்குள் உள்ளே இருங்கள்.

பக்கத்தில் வாட் பிரா பாய் லுவாங். மூன்று கெமர் கோபுரத்தில் ஒன்றுதான் உருப்படியாக நிற்கிறது, ஆனால் அதன் சுதை வேலைக்காகப் போகலாம். அதன் ஓரத்தில் துரியாங் என்ற பழைய மட்பாண்டச் சூளைகள். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மேற்கில் வாட் சபான் ஹின். குன்றின் மேல் 12.5 மீட்டர் நிற்கும் புத்தர். 300 மீட்டர் போல, பலகைப் பாறைத் துண்டுகள் பதித்த ஏற்றம். கற்கள் சமமாக இல்லை, ஈரமானால் வழுக்கும், கைப்பிடி கிடையாது. அப்பா அம்மாவை இதில் ஏற்ற வேண்டாம். நீங்கள் திறந்த நேரத்துக்கே போய் ஒரு மணியில் இறங்கிவிடலாம். மேற்கில் சைக்கிளும் வேண்டாம். தூரம், மேடு, ஆளில்லாத சாலை, தெருநாய்கள்.

கிழக்கும் தெற்கும் கூட்டமே இல்லாதவை. கிழக்கில் யானைகள் தாங்கும் வாட் சாங் லோம். தெற்கில் வாட் செதுபோன், பெயர் ஜேதவனத்திலிருந்து வந்தது, அங்கும் நடக்கும் புத்தர் உண்டு. நேரம் மிஞ்சினால் பாருங்கள்.

சைக்கிள் வாடகை நாளுக்கு 30 முதல் 50 பாட், நடுவாசலுக்கு எதிரே. எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், டயரை அழுத்துங்கள், பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நடுப்பகுதியில் மின்வண்டி உண்டு. மோட்டார் சைக்கிள் எடுக்க நினைத்தால், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிளுக்கான பிரிவும் குத்தப்பட்டிருக்க வேண்டும். காருக்கு மட்டும் அனுமதி இருந்தால் போலீஸ் அபராதம் சின்ன விஷயம். விபத்தானால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும், அதுதான் பெரியது.

இனி ஸ்ரீ சட்சனாலை. புது சுகோத்தாயிலிருந்து வடக்கே 55, 60 கி.மீ. சுகோத்தாயின் இரட்டை நகரம். மரநிழல் அதிகம், ஆள் குறைவு. பத்தில் எட்டுப் பேர் இதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றுதான் தோன்றும், அவ்வளவு அமைதி. என் கணக்கில் சுகோத்தாய் மேற்குப் பகுதி, தெற்குப் பகுதி இரண்டையும் தள்ளிவிட்டு இங்கே அரை நாள் கொடுக்கலாம். வாட் சாங் லோமில் 39 யானைகள் சேதியத்தைச் சுற்றி நிற்கின்றன (சுகோத்தாயில் இதே பெயர்க் கோயில் வேறு, குழம்ப வேண்டாம்). எதிரே வாட் செடி சேட் தேவில் தாமரை மொட்டு, இலங்கை மணி, வட தாய்லாந்துப் பாணி என்று ஒரே வளாகத்தில் எல்லா வகைச் சேதியமும். வாட் நாங் பாயாவில் ஒரு சுவரில் மட்டும் மிஞ்சிய கொடிவேலைச் சுதையைத் தகரக் கூரை போட்டுக் காப்பாற்றுகிறார்கள். இங்குள்ள தங்க நகைப் பட்டறைகள் அந்தக் கொடிகளையே மாதிரியாக எடுத்துக்கொள்கின்றன. கிழக்கே சாலியாங்கில், யோம் ஆற்றின் வளைவில் பிரா ஸ்ரீ ரத்தன மகாதாட். ஆற்றைக் கடக்க ஆடும் நடைபாலம்.

பேருந்தில் போவதானால், சுகோத்தாய் நிலையத்திலிருந்து வடக்கே போகும் வண்டியில் ஏறி 101ஆம் நெடுஞ்சாலையில் இறங்கி அந்தப் பாலத்தைக் கடந்தால் சாலியாங். அங்கிருந்து முக்கியப் பூங்கா இன்னும் 2 கி.மீ. திரும்பும் வண்டி பிற்பகலோடு அருகிவிடும். மூன்று நான்கு பேர் என்றால் ஓட்டுநரோடு கார் பேசிக்கொள்வதே மேல். பேசும்போது பூங்கா, சாலியாங், சூளை மூன்றையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். இல்லையென்றால் சூளைக்குத் தனிக்காசு கேட்பார்கள்.

அந்தச் சூளைகள்தான் இந்த மாகாணத்தில் மற்ற வழிகாட்டிகள் இரண்டு வரியில் கடந்துவிடும் விஷயம். பூங்காவுக்கு வடக்கே சுமார் 5 கி.மீ. தள்ளி பான் கோ நோய் கிராமத்தில் 42ஆம், 61ஆம் எண் சூளைகளைத் தோண்டிய நிலையிலேயே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் நெருப்பு மூட்டும் குழி, நடுவே பானை அடுக்கும் அறை, மறு முனையில் புகைபோக்கி. தீ கீழிருந்து மேலே போகாமல் பானைகளின் ஊடே குறுக்காக ஓடும். அதனால்தான் பச்சைப் பளபளப்புக்கு வேண்டிய சூடு ஏறியது. சங்கலோக் என்று பெயர் பெற்ற இந்தப் பாத்திரங்கள் இந்தோனேசியத் தீவுகள், பிலிப்பைன்ஸ், ஜப்பான் வரை போயின. ஜப்பானியர் தேநீர்ச் சடங்கில் 'சுங்கோரோகு' என்று வைத்துக்கொண்டார்கள்.

துரியாங்கில் சுட்டதா, இங்கே சுட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சுகோத்தாய்த் துரியாங்கில் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒட்டாமலிருக்க நடுவே கால் முளைத்த வட்டத் தட்டு வைத்தார்கள். ஆகவே கிண்ணத்தின் உள்பக்கம் நடுவில் சிறுசிறு புள்ளித் தழும்புகள் இருக்கும், பெரும்பாலும் ஐந்து. மண் சொரசொரப்பு என்பதால் முதலில் வெள்ளைக் கலவை பூசி, அதன் மேல் கறுப்பில் மீன் வரைந்தார்கள். ஸ்ரீ சட்சனாலையில் ஒவ்வொரு பாத்திரத்தையும் குழாய் போன்ற தாங்கியில் தனியாக உட்காரவைத்தார்கள். உள்ளே தழும்பு இராது, கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வட்டத் தழும்பு தெரியும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள்ளும் இதைப் பார்க்கலாம். கடையில் 'பழைய காலத்தது' என்று விற்கும் கிண்ணத்தை வாங்க வேண்டாம். போலியாக இருந்தால் காசு வீண், அசலாக இருந்தால் விமான நிலையத்தில் சிக்கல். தொல்பொருளையும் புத்தர் சிலையையும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். புதிதாகச் செய்த மீன் கிண்ணம் அழகாகவே இருக்கும், மலிவும்கூட.

எந்த மாதம் என்றால் நவம்பர் முதல் ஜனவரி வரை. பிப்ரவரி பிற்பாதியில் வயல்களும் காடும் எரிக்கும் புகை தொடங்கி ஏப்ரல் வரை வானம் மங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மழை. யோம் ஆற்றில் பெரிய அணை கிடையாது, மேலே பெய்த மழை தடையில்லாமல் இறங்கும். புது சுகோத்தாய் அடிக்கடி வெள்ளத்தில் மாட்டுவது அதனால்தான். பழைய நகரத்தில் தங்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். பன்னிரண்டாம் சந்திர மாதப் பௌர்ணமியில், பெரும்பாலும் நவம்பரில், லோய் கிராதோங். வாழைத்தண்டு வட்டத்தில் இலை மடித்து, பூ, மெழுகுவத்தி, ஊதுவத்தி வைத்து நீரில் விடுவார்கள். நம் கார்த்திகை தீபப் பருவம்தான். சுகோத்தாயில் இது பல நாள் விழா. பார்க்க அருமை, ஆனால் அறை மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், இடிபாடுகளை நிதானமாகப் பார்க்கவும் முடியாது. பெரியவர்களோடு வருகிறீர்கள் என்றால் விழா முடிந்த மறுவாரம் வாருங்கள்.

அம்மாவின் சாப்பாடு கொஞ்சம் திட்டமிட வேண்டிய விஷயம். சுகோத்தாய் நூடுல்ஸ் ஊருக்குப் பேர் சொல்லும் உணவு: மெல்லிய அரிசி நூடுல்ஸ், சாய்வாக நறுக்கிய பச்சைப் பயற்றங்காய், பொடித்த வேர்க்கடலை, பனைவெல்லம், எலுமிச்சை. ஆனால் பன்றி இறைச்சியும் அதன் எலும்புச் சாறும் இல்லாமல் வராது. இறைச்சியை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்றால் சாறு அப்படியேதான் இருக்கும். 'மங்சவிரட்' என்றால் சைவம் என்று பொருள். ஆனால் மீன் சாஸை அசைவமாகப் பலர் நினைப்பதில்லை. 'கின் ஜே' என்று சொல்வதுதான் பாதுகாப்பு: மீன் சாஸ், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லாத வழி அது. மஞ்சள் கொடியில் சிவப்பாக அந்தச் சொல் எழுதிய கடையைத் தேடுங்கள். சின்ன ஊரில் அவை மதியத்தோடு மூடிவிடும். ராத்திரிக்கு ஒட்டும் அரிசி, பழம், வறுத்த கடலை கையில் இருக்கட்டும். வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோவது தப்பே இல்லை. விடுதியில் வெறும் சோறு கேட்டால் 'காவ் சுவாய்' என்று கொடுப்பார்கள்.

சில்லறை விஷயங்கள். தாய்லாந்து வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். 2025 மே முதல் கட்டாயம், இலவசம். காசு கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் அல்ல. விசா விதி மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பாருங்கள். ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிக்கும், ஒரே தடவையில் தேவையானதை எடுத்துவிடுங்கள். சோங்தேவ், சைக்கிள், சீட்டு எல்லாம் ரொக்கம். இடிபாடு என்றாலும் சேதியத்தின் மேல் ஏறக் கூடாது, சிலையைத் தொட்டுச் சாய்ந்து படம் எடுக்கக் கூடாது, புத்தரை நோக்கிக் கால் நீட்டி உட்காரக் கூடாது. வழிபாடு நடக்கும் கோயில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

திரும்பும்போது பிட்சனுலோக்கில் ரயில் ஏறுவதானால் மூன்று மணி நேரம் முன்பாகவே அங்கே வந்துவிடுங்கள். ஊர் நடுவே ஆற்றங்கரைக் கோயிலில் பிரா புத்த சின்னராட் இருக்கிறார். சுகோத்தாய் மரபில் வார்த்த பொன் பூசிய வெண்கலம், முதுகுக்குப் பின்னால் இருபக்கமும் வளைந்து இறங்கும் திருவாசி. இரண்டு நாளாகக் கூரையில்லாத தூண்களுக்கு நடுவே பார்த்த முகத்தை, கூரைக்குக் கீழே, அரை இருட்டில், மக்கள் மண்டியிட்டுக் கும்பிடும் நிலையில் பார்க்கலாம். அம்மா அப்பாவுக்கு உட்கார இடமும் உண்டு.